ஆபீசுக்கு எந்த சைக்கிள்? – ஒரு ஃப்ரேமின் கதை

பெங்களூரில் சைக்கிள் வாங்கப் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். ஆபீஸில் ஆளாளுக்கு உலோகவியல் நிபுணர் ஆகிவிடுவார்கள். "ஸ்டீலா? அது பால்காரர் ஓட்டறது மச்சி, அலுமினியம் வாங்கு" என்பார் ஒருவர். "கார்பன் ஃபைபர்னா ஒத்தை விரல்ல தூக்கலாம்" என்பார் இன்னொருவர். (ஒத்தை விரலில் தூக்கிக்கொண்டு எங்கே போகப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை.) அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவர் ஒருவர் இருந்தால் டைட்டானியமும் வந்து சேரும்.

கேட்டவரின் தேவை இவ்வளவுதான். தினமும் பத்து, பதினைந்து கிலோமீட்டர். வாரம் ஐந்து நாள். செப்டம்பர், அக்டோபர் மழையில் நனையும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் தூசி படிந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைக்கச் சோம்பலாக இருக்கும். இப்படிப்பட்ட வண்டிக்கு, அதிகம் படுத்தாத, கெட்டால் சுலபமாகச் சரி செய்யக்கூடிய ஃப்ரேம் எது?

இந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பெரிய பகுதி அம்பத்தூரிலும் ஆவடியிலும் எங்கள் புதுக்கோட்டையிலும் இதே பெங்களூரிலும் நடந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

எல்லாவற்றையும் அப்போதே பார்த்துவிட்டார்கள்

முதல் வண்டி மரத்தில் செய்தது. 1817இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் ஓட்டிக்காட்டினார். பெடல் கிடையாது, காலால் தரையை உந்திக்கொண்டே ஓட வேண்டும். 1860களில் பாரிஸில் முன்சக்கரத்தில் பெடல் வைத்தார்கள். ஃப்ரேம் இரும்பாயிற்று. அதில் போனால் எலும்பெல்லாம் ஆட்டம் கண்டதால் இங்கிலாந்துக்காரர்கள் 'எலும்பு குலுக்கி' என்றே பெயர் வைத்தார்கள். 1885இல் கோவென்ட்ரியில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, பின்சக்கரத்துக்குச் செயின். அடுத்த சில வருஷங்களில் இரண்டு முக்கோணம் சேர்ந்த ஃப்ரேம் நிலைத்துவிட்டது. இன்று உங்கள் பேஸ்மென்ட்டில் நிற்பதும் பெரும்பாலும் அதன் பேரப்பிள்ளைதான்.

வடிவம் முடிவானதும் எதில் செய்வது என்ற சண்டை ஆரம்பித்தது. 1890களில் இங்கிலாந்தில் மூங்கில் சைக்கிள் விற்றார்கள். அமெரிக்காவில் அலுமினிய சைக்கிள் விற்றார்கள். 'லூமினம்' என்று பெயர். மரத்திலும் செய்து பார்த்தார்கள். அலுமினியம் ஏதோ நேற்று வந்த நவீனம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்கவும். நூற்று முப்பது வருஷத்துக்கு முன்பே அது போட்டியில் இறங்கித் தோற்றிருக்கிறது.

ஏன் தோற்றது? 1886இல் அலுமினியத்தை மின்சாரத்தால் மலிவாகப் பிரிக்கும் வழி வந்துவிட்டது. ஆனால் சுத்த அலுமினியம் மெத்தென்று இருக்கும். அதோடு வேறு உலோகங்களைச் சேர்த்து, சூடாக்கிக் குளிர்வித்துக் கெட்டிப்படுத்தும் வித்தையை ஆல்ஃபிரட் வில்ம் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்டது 1906இல்தான். அதை ஒழுங்காகப் பற்றவைக்க நம் பட்டறைகளில் 'ஆர்கான் வெல்டிங்' என்கிறோமே, அது பழக்கத்துக்கு வந்தது 1940களில்.

இரும்புக்கோ எல்லாம் கூடி வந்தது. 1886 வாக்கில் மானெஸ்மான் சகோதரர்கள் தையல் இல்லாத எஃகுக் குழாய் உருட்டக் கற்றுக்கொண்டார்கள். 1897இல் பர்மிங்ஹாமின் ரேனால்ட்ஸ், இரு முனையும் தடித்து நடுவில் மெலிந்த குழாய்க்குக் காப்புரிமை வாங்கினார். மூட்டு வருகிற இடத்தில் பலம், மற்ற இடத்தில் எடைக் குறைவு. அதற்குப் பிறகு ஐம்பது, அறுபது வருஷத்துக்கு சைக்கிள் என்றால் எஃகுதான்.

பித்தளை செய்த காரியம்

எஃகின் வெற்றியில் பாதிப் பங்கை நான் பித்தளைக்குக் கொடுப்பேன்.

பழைய ஹெர்குலிஸ் வண்டி கிடைத்தால் பாருங்கள். பார், முன் குழாய், சீட் குழாய் எல்லாம் சந்திக்கும் இடத்தில் சட்டைக் காலர் மாதிரி ஒரு மூட்டு இருக்கும். குழாயை அதற்குள் செருகிச் சூடாக்கி, இடுக்கில் பித்தளையை உருக்கி ஓடவிடுவார்கள். பித்தளை சுமார் 900 டிகிரியில் உருகும். எஃகு உருக 1,500 டிகிரி வேண்டும். ஆகவே குழாய் உருகாமல், ஓட்டை விழாமல் மூட்டு பிடித்துக்கொள்ளும். நாட்டிங்ஹாமில் இருந்த ராலே தொழிற்சாலையில் ஃப்ரேம் மூட்டுகளை உருகிய பித்தளைத் தொட்டியிலேயே முக்கி எடுத்தார்கள். நம் ஊரில் அதையே ஒரு கேஸ் வெல்டிங் பட்டறைக்காரர் கையால் செய்வார். உடைந்துபோனால் மறுபடி சூடாக்கிக் குழாயைக் கழற்றி வேறு போடலாம். இதற்குப் பெரிய உலை வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். கண்ணும் கையும் போதும்.

எஃகுக்கு இன்னும் இரண்டு நல்ல குணம். ஒன்று, சட்டென்று உடையாது. முதலில் வளையும், பெயின்ட் விரியும், கீச்சிடும். நமக்குக் கடைக்குப் போக அவகாசம் கொடுக்கும். இரண்டு, ஓர் எல்லைக்குக் கீழான குலுக்கலை எத்தனை லட்சம் தடவை கொடுத்தாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஒவ்வொரு குலுக்கலையும் அது கணக்கில் வைத்துக்கொண்டே வரும். அதனால்தான் அலுமினிய ஃப்ரேமில் குழாய்களைத் தேவைக்கு மேலேயே பருமனாகப் போடுகிறார்கள்.

அம்பத்தூரும் ஆவடியும்

சுதந்திரத்துக்கு முன்னால் நம்மிடம் ஓடியவை பெரும்பாலும் இங்கிலாந்து வண்டிகள். ராலே, ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ., ஃபிலிப்ஸ். மாப்பிள்ளைக்கு 'ராலே வண்டி' போட்டார்கள் என்று தாத்தாக்கள் சொன்னது நினைவிருக்கும்.

சுதந்திரம் வந்ததும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. இங்கேயே செய் என்றது அரசாங்கம். 1949இல் முருகப்பா குழுமமும் பர்மிங்ஹாமின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கின. அதுதான் அம்பத்தூர். 1951இல் சோனிபட்டில் அட்லஸ், 1952இல் ஆசன்சோலில் சென்-ராலே, 1956இல் லூதியானாவில் ஹீரோ. இதில் பலர் கவனிக்காத வருஷம் 1955. அப்போதுதான் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா வந்தது. சைக்கிளுக்கான குழாயே உள்ளூரில் தயாராக ஆரம்பித்தது. எந்த உலோகம் என்ற கேள்விக்கு இந்தியா எழுதிய விடை ஆவடியில் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை.

அதற்கப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. நாற்பது வருஷம் வடிவம் மாறவே இல்லை! வெளியிலிருந்து போட்டி கிடையாது. மாற்ற வேண்டிய அவசரம் யாருக்கும் இல்லை. இருபது கிலோவுக்கு மேல் எடை, கியர் கிடையாது, மழையில் கம்பி பிரேக் பிடித்தால் பிள்ளையார் விட்ட வழி. திட்ட வேண்டியதைத் திட்டித்தான் ஆக வேண்டும்.

ஆனால் அந்தத் தேக்கத்திலேயே ஒரு லாபமும் இருந்தது. 28 இன்ச் சக்கரம், முன்னால் 32 போக்ஸ் கம்பி, பின்னால் 40, பெடல் தண்டைப் பிடிக்க ஒரு காட்டர் பின். எல்லாக் கம்பெனிக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு. காஷ்மீரில் வாங்கிய கோனும் பால்ரஸும் கன்னியாகுமரியில் பொருந்தும். ஒரு ஸ்பானர், ஒரு சுத்தியல், ஒரு டப்பா கிரீஸ் இருந்தால் மரத்தடியில் கடை போட்டுவிடலாம். சீனாவிலும் இதே கதைதான். 1950இல் தியான்ஜின்னில் வந்த 'பறக்கும் புறா' சைக்கிளும் பழைய ராலேயைப் பார்த்துச் செய்தது. உலகத்தின் பாதி ஜனங்களை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்த ஒரே எஃகு ஃப்ரேம்.

விமானத்துக்கு அலுமினியம், ஆளுக்கு இரும்பு

இப்போது பெங்களூருக்கு வருவோம்.

1940இல் வால்சந்த் ஹீராசந்தும் மைசூர் சமஸ்தானமும் சேர்ந்து இங்கே விமானத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். இன்றைய எச்.ஏ.எல். 1948இல் ஐ.டி.ஐ., 1953இல் எச்.எம்.டி., 1954இல் பி.இ.எல். (நம்ம சுஜாதா வேலை பார்த்த அதே பி.இ.எல். தான்). இந்த ஆலைகளில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். அல்சூர், கன்டோன்மென்ட் பக்கம் பழைய குடும்பங்களில் கேட்டால் ஒரு மாமாவாவது அங்கே ரிட்டயர் ஆகியிருப்பார். கம்பெனி பஸ் இருந்தாலும் ஷிப்ட் முடிந்து கேட் திறந்தால் சைக்கிள் கூட்டம்தான் என்பார்கள்.

யோசித்துப் பாருங்கள். உள்ளே எச்.ஏ.எல்.லில் அலுமினியக் கலவைத் தகட்டை அங்குலம் அங்குலமாக ரிவெட் அடித்து விமானம் செய்கிறவர், வெளியே வந்து எஃகு சைக்கிளில் ஏறி வீட்டுக்குப் போனார். பின்னாளில் இதே ஊரில் தேஜஸ் செய்தார்கள். 2001 ஜனவரி 4ஆம் தேதி முதன்முதலாகப் பறந்தது. எடையில் 45 சதவீதம் கார்பன் ஃபைபர் சார்ந்த கலவைப் பொருட்கள். அலுமினியமும் கார்பனும் இந்த ஊருக்குப் புதிதல்ல. அவற்றின் குணம் தெரிந்த கைகள் இங்கே ஆயிரக்கணக்கில் இருந்தன.

அப்படியும் சைக்கிள் ஏன் எஃகிலேயே இருந்தது? விலை முதல் காரணம். அடுத்தது, விமானத்துக்கு ஹேங்கர் உண்டு, ஒவ்வொரு பறத்தலுக்கு முன்னும் பார்த்துச் சரி சொல்ல ஆள் உண்டு. சைக்கிளுக்கு அது கிடையாது. அதற்கு இருந்தது தெருமுனைக் கடை. அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்த உலோகம்தான் தொழிலாளியின் உலோகம். காலை ஷிப்டுக்கு லேட்டானால் சம்பளம் போகும் என்கிறவருக்கு இது தத்துவம் இல்லை, சோற்றுக் கணக்கு.

அந்த ஒற்றை பார்

எங்கள் மாவட்டத்துப் பெருமையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். 1991-92இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள் என்று எழுதினார் பி.சாய்நாத். குவாரியில் கல் உடைத்தவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள், நர்ஸுகள், ஆசிரியைகள். நான் அப்போது பாருக்கு அடியில் காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் அத்தைமார்கள் சீட்டில் ஏறிவிட்டார்கள்!

லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் பலர் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலருக்கு அதுதான் வசதியாகவும் இருந்தது. சீட்டிலிருந்து ஹேண்டில்பார் வரை போகும் அந்த ஒற்றை பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் இல்லையா? பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை. ஃப்ரேமுக்கு இதைவிடக் கடினமான பரீட்சை எந்த லேபிலும் இல்லை.

1990களின் முதல் பாதியில் யாழ்ப்பாணம் வேறொரு பரீட்சை வைத்தது. பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதாகிவிட, குடாநாடே சைக்கிளில் நகர்ந்தது. கரன்ட் இல்லாத வீடுகளில் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். புது வண்டிக்கு வழியில்லாத இடத்தில் பழைய வண்டியைச் சரி பண்ணிக்கொண்டே இருக்க முடிவதுதான் பெரிய விஷயம்.

2004 சுனாமிக்குப் பிறகு, எடை குறைந்த பந்தய சைக்கிள் பாகங்கள் செய்யும் ஸ்ராம் கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான எஃப்.கே.டே, 2005இல் உலக சைக்கிள் நிவாரண அமைப்பைத் தொடங்கினார். இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களைக் கொடுத்தார்கள். பிறகு ஆப்பிரிக்காவுக்காக 'பஃபலோ' என்று ஒரு வண்டியைத் தாங்களே வடிவமைத்தார்கள். கார்பன் ஃபைபர் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். எடுத்தது தடித்த எஃகுக் குழாய். கேரியர் நூறு கிலோ தாங்கும். கூடவே ஊருக்கு ஊர் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். என் கண்ணுக்கு அந்தக் கடைசி விஷயம்தான் முக்கியம்.

அலுமினியம் திரும்பி வந்தது

2001இல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. 2005இல் ஃபயர்ஃபாக்ஸ் வந்தது. 2009இல் சர்ஜாபூர் ரோட்டில் டெகாத்லான் கடை திறந்தது. 2011இல் டி.ஐ.யே மோன்ட்ரா என்ற பெயரில் இறங்கியது. ஐ.டி. சம்பளமும் நந்தி ஹில்ஸ் மோகமும் சேர, பெங்களூரில் அலுமினிய சைக்கிள் பெருகியது.

அலுமினியம் மோசம் என்று நான் சொல்லவில்லை. எஃகின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான் அது. விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் குழாயைப் பருமனாக்கிச் சரிக்கட்டுகிறார்கள். துருப்பிடித்து உதிராது. மூன்றாவது மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு ஐந்தாறு கிலோ குறைந்தால் வரம்தான். நல்ல கம்பெனி ஃப்ரேம் பல வருஷம் உழைக்கும்.

விரிசல் விட்டால்தான் சிக்கல். வெல்டிங் செய்த இடத்தைச் சுற்றி அதன் பலம் ஏறக்குறைய பாதியாகிவிடும். தொழிற்சாலையில் முழு ஃப்ரேமையும் உலையில் வைத்துச் சூடாக்கி மறுபடி கெட்டிப்படுத்துவார்கள். தெருவில் அந்த உலை இல்லை. கார்பன் இன்னும் மோசம். உள்ளே அடிபட்டது வெளியே தெரியாமலே இருக்கலாம். பார்க்கிங்கில் ஒரு பைக் சாய்ந்தாலே சந்தேகம் வந்துவிடும்.

சரி, எதை வாங்கலாம்?

இத்தனை கதைக்குப் பிறகு ஓர் உண்மை. தினசரி சவாரியில் ஃப்ரேம் நம்மைத் தொந்தரவு செய்வது அபூர்வம். படுத்துவது செயின், பிரேக், பால்ரஸ், டயர். ஆகவே உலோகத்தைக் கேட்கும்போதே அந்த ஃப்ரேமில் என்னென்ன பாகம் மாட்ட முடியும் என்றும் கேளுங்கள்.

பெடல் தண்டு உட்காரும் இடம் மரை போட்டதா, அல்லது அழுத்திச் செருகியதா? மரை போட்டதாக இருக்கட்டும். எந்தக் கடையிலும் கழற்றலாம். மட்கார்டும் கேரியரும் மாட்டத் துளை இருக்கிறதா? பெங்களூர் மழையில் முதுகில் சேறு கோலம் போடாமல் இருக்க அது வேண்டும். கியர் தொங்கும் சின்னக் கொக்கி வளைந்தால் என்ன செய்வது? பல எஃகு ஃப்ரேம்களில் அது ஃப்ரேமோடு சேர்ந்தது, நிமிர்த்திவிடலாம். அலுமினியத்தில் தனியாக மாட்டியிருப்பார்கள், மாடலுக்கு ஒரு வடிவம். என் அலுமினிய வண்டியில் அது முறிந்தபோது தெருமுனைக் கடைக்காரர் பார்த்துவிட்டு, "இதக்கெல்லா நம்ம ஹத்ர ஸ்பேர் இல்ல சார்" என்று கையை விரித்தார். மூன்று வாரம் வண்டி சுவரில் சாய்ந்து நின்றது. அலுமினியம் வாங்குகிறவர்கள் அந்தக் கொக்கியில் ஒன்றை முதல் நாளே கூடுதலாக வாங்கி வையுங்கள்.

பொதுவாக என் சிபாரிசு, எளிமையான எஃகு ஃப்ரேம். கிடைத்தால் குரோம்-மாலிப்டினம் கலந்த எஃகு, எடை குறையும். முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த மலிவு வண்டி வேண்டாம். எடையும் அதிகம், கெடுகிற இடமும் அதிகம். துருவுக்குப் பயப்பட வேண்டாம். பெங்களூர் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சென்னை உப்புக்காற்று இங்கே கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் சீட் கம்பியைக் கழற்றி, வண்டியைக் கவிழ்த்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடித்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, கம்பிக்குக் கிரீஸ் தடவிச் செருகுங்கள். பெயின்ட் பெயர்ந்த இடத்தில் ஒரு தீற்றல். வருஷத்துக்கு ஒரு மணி நேர வேலை. அலுமினிய ஃப்ரேமிலும் சீட் கம்பிக்குக் கிரீஸ் அவசியம், இல்லாவிட்டால் உள்ளேயே இறுகிக்கொள்ளும்.

இதில் என் கவலை வேறு. 2020 ஜூன் 3, உலக சைக்கிள் தினத்தன்று அட்லஸின் சாஹிபாபாத் ஆலை மூடப்பட்டது. அது செய்தியில் வந்தது. மரத்தடிக் கடைகள் ஒவ்வொன்றாக மறைவது எந்தச் செய்தியிலும் வருவதில்லை. எங்கள் ஏரியாவில் நான்கு பாஷையில் பேரம் பேசிக் கோட்டம் எடுத்துத் தந்த பெரியவரின் இடத்தில் இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். இன்றும் இந்த ஊரில் செக்யூரிட்டி அண்ணாக்களும் கட்டட வேலைக்காரர்களும் பேப்பர் போடும் பையன்களும் அந்தப் பழைய எஃகு ஃப்ரேமைத்தான் மிதிக்கிறார்கள். கடை போனால் நமக்கு ஒரு வாரம் கேப் செலவு. அவர்களுக்கு ஒரு நாள் கூலி.

எஃகு ஜெயித்தது அது உலகத்திலேயே சிறந்த உலோகம் என்பதால் அல்ல. அதைச் சரி பண்ணத் தெரிந்தவர்கள் நாலு தெருவுக்கு ஒருவர் இருந்ததால். அவர்கள் இருக்கும்வரைதான் அது சுலபமான உலோகம். ஆகவே வண்டி வாங்குமுன் ஒரு சாயங்காலம் உங்கள் ஏரியாவைச் சுற்றி வந்து, பஞ்சர் ஒட்டுகிற கடை எங்கே இருக்கிறது, அங்கே என்ன ஸ்பேர் தொங்குகிறது என்று பாருங்கள். கடைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். அப்புறம் ஷோரூமுக்குப் போகலாம்.